தள்ளுபடி கிடைக்காத வீடு

இன்று காலை எதிர்வீட்டில் வெள்ளையடிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். ஊறிய சுண்ணாம்பின் வாசனை ஜன்னல் வழியாக வீடு முழுக்க வந்துவிட்டது. பொங்கல் நெருங்குகிறது; ஊரில் எல்லோருக்கும் அது நல்ல வாசனைதான். எனக்கு மட்டும் அது ஆவதில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். செத்துப்போனவனுக்கு மடல் எழுதுவது கிறுக்குத்தனம் என்கிறாள் என் மகள். சொல்லிவிட்டுப் போகட்டும். உயிரோடு இருந்தபோது நீ என்னை எங்கே பேச விட்டாய்?

சாரம் பகுதியில் நம் தெரு மழைக்காலத்தில் எப்படிக் கிடக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் மில்லுக்கு நடந்தவர்கள் நாம். பிறகு தார் ரோடு வந்தது. இரண்டு பக்கமும் கல் வைத்துக் கட்டிய கால்வாய் வந்தது. தெருவே கொண்டாடி முடிப்பதற்குள் பின்னாலேயே நோட்டீசும் வந்தது. தெரு மேம்பட்டதால் வீட்டின் மதிப்பு ஏறிவிட்டதாம், அதற்கு வீட்டுக்காரன் பங்கு கட்ட வேண்டுமாம். வீட்டின் முகப்பு எத்தனை அடியோ அதற்குத் தகுந்த தொகை. கால்வாய் வரி என்று நாம் அதற்குப் பெயர் வைத்தோம். மில் கதவை அடைத்துப் பல மாதம் ஆகியிருந்த நேரம் அது. சொந்த வீடு இருந்தது, உலை வைக்க அரிசி இல்லை. கட்டத் தவறினால் வீடு ஏலம் போகும் என்று நோட்டீசின் அடியில் போட்டிருந்தார்கள்.

கஷ்டப்படுகிறவர்களுக்கு இதில் பெரும்பகுதி தள்ளுபடி உண்டு, மிச்சத்தைத் தவணையில் கட்டலாம் என்பதை வரி ஆபீசில் பழியாகக் கிடந்து தெரிந்துகொண்டு வந்தவன் நீ. மனு போட வேண்டும். அதிகாரி நேரில் வந்து வீட்டைப் பார்ப்பார். அவ்வளவுதான். உனக்குப் பேச்சு, எனக்குக் கையெழுத்து. இரண்டு பேரும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். எழுதுவது சுலபமாக இருந்தது. எழுதச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. தேங்காய்த்திட்டுத் துறையில் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருவில் விற்கும் அந்த அக்கா நம்மை வாசலிலேயே நிறுத்தியது நினைவிருக்கிறதா?

“எனக்கு சோத்துக்கு இல்லன்னு என் வாயால சொல்லணுமா? நாளைக்கு ஏலத்துல எவன் எனக்குக் கடனுக்கு மீன் குடுப்பான்?”

“ஏலக்காரன் வந்து இதையா படிக்கப் போறான்? நீ சொல்லுக்கா, இவன் எழுதுவான். ஊடு போச்சுன்னா மீன் கூடைய எங்க வைப்ப?” என்றாய். அக்கா கதவை அகலத் திறந்து உள்ளே கூப்பிட்டது.

அதிகாரி வருகிற நாளுக்கு முந்தி நீ செய்த அட்டகாசத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. “ஆபீசர் ஒண்ணும் பொண்ணு பாக்க வர்ல. ஊடு இருக்கிறபடி இருக்கட்டும். எதையும் ஒளிக்காத, எதையும் எடுத்து வைக்காத” என்று வாசலுக்கு வாசல் கத்திக்கொண்டு போனாய். பெருக்க ஆரம்பித்த ஒரு பெண்ணிடமிருந்து துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாய். அவள் உன்னைத் துரத்த, தெருவே வேடிக்கை பார்த்தது. அவ்வளவு விவரமான ஆள் நீ.

அத்தனை வீட்டிலும் சொன்னவன் உன் வீட்டில் சொல்லவில்லை; தெருக்கோடியில் இருந்த அந்த வீட்டுக்கு உன் கத்தல் எட்டவும் இல்லை. அந்த வாரம் முழுக்க உனக்குச் சாப்பாடு யார் வீட்டிலோ நடந்தது. உன் வீடு படுப்பதற்கு மட்டும்தான். தங்கச்சியிடம், உன் மனைவியைத்தான் சொல்கிறேன், வெள்ளிக்கிழமை ஆபீசரோடு வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறாய்.

வந்த அதிகாரி கெட்டவர் இல்லை. ஒழுகுகிற கூரைகளை அண்ணாந்து பார்த்தார், வெறும் அரிசிப் பானையைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். கடைசி வீடு உன்னுடையது. உன் அப்பா மில் கூலியில் கட்டிய ஓட்டு வீடு. வாசலை நெருங்கும்போதே சுண்ணாம்பு வாசனை வந்தது. முகப்புச் சுவர் பளிச்சென்று இருந்தது. தங்கச்சி தன் கையாலேயே அடித்திருக்கிறாள். விரலெல்லாம் வெந்து போயிருந்ததைப் பிற்பாடுதான் கவனித்தேன். உள்ளே பிரம்பு நாற்காலிகள், சுவரில் ஒரு பெரிய கடிகாரம், பூப்போட்ட பீங்கான் கோப்பைகளில் காப்பி, ஒரு தட்டில் கேசரி. எல்லாம் தெருமுனையில் இருக்கும் பிரெஞ்சு பென்ஷன்காரர், நாம் முசியே என்று கூப்பிடுகிறவர், வீட்டுச் சாமான்கள். கேட்டதும் கொடுத்துவிட்டார்கள், பெருந்தன்மைக்காரர்கள்.

தங்கச்சி கூறைப்புடவை கட்டித் தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். ஊருக்கு உழைக்கிற புருஷன் ஒரு ஆபீசரை வீட்டுக்கு அழைத்து வருகிறான், அவனுக்குத் தலைகுனிவு வரக்கூடாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான்.

“வாங்க சார், ஒக்காருங்க. ஒரு வாய் காப்பி சாப்ட்டுத்தான் போவணும்.”

அவர் உட்கார்ந்தார், சாப்பிட்டார். “வீட்டை ரொம்ப நல்லா வச்சிருக்கீங்கம்மா” என்றார். கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதினார். நான் வாயைத் திறந்தேன். “சார், இதெல்லாம்…” என்பதற்குள் நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். நகம் பதிந்துவிட்டது. உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மில் மூடிய நாளிலிருந்து அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

அவரை அனுப்பிவிட்டு வந்ததும் உன்னைக் கிழித்தேன். “ஒனக்குப் புத்தி இருக்காப்பா? எரவல்னு ஒரு வார்த்த சொன்னா போதுமே!”

“அவ நிக்கிறா. அவ முன்னாடி எப்டிப்பா சொல்றது?”

“சரி, நாளைக்கு ஆபீசுக்குப் போயி சொல்லு.”

“சொன்னா மறுபடி ஆள் வரும். அவளக் கூப்புட்டு, இது யாரு நாற்காலிம்மான்னு கேப்பான். வேணாம் உடு.”

தள்ளுபடி வந்தது. உன் வீட்டைத் தவிர எல்லா வீட்டுக்கும் வந்தது. மீன்கார அக்கா உன் காலில் விழப் பார்த்தது. ஏன் நமக்கு மட்டும் வரவில்லை என்று தங்கச்சி கேட்டபோது நானும் கூட இருந்தேன். “நம்ம முகப்பு ஜாஸ்தியாம். சட்டமாம்” என்றாய், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். “ஒங்கப்பா கொஞ்சம் குறுக்கியே கட்டியிருக்கலாம்” என்றாள் அவள். நீ சிரித்தாய். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

பிறகு நடந்ததை எழுதக் கை வரவில்லை, எழுதித்தான் தீர வேண்டும். மில் திறந்தபோது பாதிப் பேரைத்தான் எடுத்தார்கள். ஊருக்கே மனு எழுத வைத்த உன் பெயரை யார் எடுப்பார்கள்? வரி வட்டியோடு வளர்ந்தது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஏதாவது செய்கிறோம் என்றோம், நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏல நோட்டீசைக் கதவில் ஒட்டினார்கள். ஊர் பார்க்க ஏலம் போகவேண்டாம் என்று வந்த விலைக்கு ஒரு கடைக்காரரிடம் கொடுத்தாய். அவர் மறு மாதமே இடித்துவிட்டார். தட்டாஞ்சாவடியில் ஒற்றை அறை, பட்டறையில் வேலை. பஞ்சுத்தூசி தின்ற நெஞ்சில் இரும்புத்தூசியும் போய்ச் சேர்ந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சுக்கு நடுவே நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அவளுக்கு மட்டும் தெரிய வேணாம்பா.”

எனக்கு உன்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. ஒரு வார்த்தைக்கு ஒரு வீடு. அவள் ஒரு நாள் அழுதிருப்பாள், மறு நாள் உன்னைத் திட்டியிருப்பாள், அதோடு போயிருக்கும். ஓட்டுக்கூரைக்குக் கீழே சண்டை போட்டுக்கொண்டு இரண்டு பேரும் கிழமாகியிருக்கலாம். இப்படியெல்லாம் மனசுக்குள் உன்னோடு வாதாடுவேன். அந்தச் சிரிப்பு ஞாபகத்துக்கு வந்ததும் வாதம் நின்றுவிடும்.

போன வாரம் தட்டாஞ்சாவடிக்குப் போயிருந்தேன். தங்கச்சி அதே அறையில்தான் இருக்கிறாள். இட்டிலி சுட்டுப் பட்டறை ஆட்களுக்குக் கொடுக்கிறாள். பார்வை மங்கிவிட்டது. நான் கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். அவரு இருந்தப்ப கேக்க பயமா இருந்துச்சி.”

“கேளும்மா.”

“அன்னிக்கு அந்த ஆபீசருக்கு கேசரி செஞ்சேன். முந்திரி போடல. வாங்கக் காசு இல்ல. முசியே ஊட்டு மதாமக் கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க, நாற்காலி கடிகாரமெல்லாம் கேட்டுட்டு இதையும் கேக்க எனக்குக் கூச்சமா போச்சி. அது ஒரு கொறையா அந்த ஆபீசர் மனசுல நின்னுடுச்சாண்ணே? இன்னும் கொஞ்சம் நல்லா கவனிச்சிருந்தா ஊடு நின்னிருக்கும் இல்ல?”

எத்தனை வருஷமாக இதை வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரியவில்லை. நீ எதை அவள்மேல் விழாமல் பிடித்து நிறுத்தினாயோ, அதை அவளே எடுத்துத் தன் தலையில் வைத்திருக்கிறாள், அதுவும் தலைகீழாக. உண்மையைச் சொன்னால் அவளுக்குக் கனம் குறையுமா கூடுமா, எனக்குத் தெரியவில்லை. நீயும் பக்கத்தில் இல்லை.

“அதெல்லாம் இல்லம்மா. முகப்பு ஜாஸ்தி. சட்டம்” என்றேன்.

தலையை ஆட்டினாள். நம்பவில்லை.