ஐந்தாவது படுக்கை

மச்சாள்,

இன்று காலை பின் ஷெட்டைத் துப்புரவாக்கப் போனேன். பெயின்ற் வாளிகளுக்குப் பின்னால் அந்த நீட்டுக் கண்ணாடி கிடந்தது. காருக்குப் பின்னால் கரவன் என்கிற சக்கர வீட்டை இழுக்கிற நாட்களில் காரின் பக்கக் கண்ணாடியோடு சேர்த்து நீங்கள் இறுக்கிக் கட்டுவீர்களே, அதேதான். கையில் எடுத்ததும் நாங்கள் முதல் தரம் கரவன் இழுத்துப் போன நாள் ஞாபகம் வந்தது. என் புருஷன், உங்கள் தம்பி, கேட்டால் சிரிப்பார். அவர் அந்த நாளைப் பகிடிக் கதையாக்கி மோர்டன் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். நீங்கள் கண்ணை மூடி இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை.

கோடை விடுமுறைக்குக் கரவன் என்ற எண்ணம் அவருக்குத்தான் முதலில் வந்தது. ஹோட்டலில் கறி காய்ச்ச விடமாட்டார்கள், வெறும் பாண் ரொட்டியைத் தின்று எத்தனை நாள் இருப்பது என்பது அவருடைய வாதம். அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அதை இழுக்க அவருக்கு அனுமதி இல்லை. அந்த நாளைய சட்டப்படி தொண்ணூற்றேழுக்கு முன்னர் லைசென்ஸ் எடுத்தவர்கள்தான் பாரமான கரவனை இழுக்கலாம். எங்கள் வீட்டில் அப்படி எடுத்திருந்தது நீங்கள் ஒருவர் மட்டுமே. ஓட்டப் பரீட்சையை நாலாவது முறைதான் பாஸ் பண்ணினீர்கள் என்று உங்களை எவ்வளவு நக்கல் அடித்திருப்பார்! அதே தம்பி வந்து, "அக்கா, நீங்கள்தான் கார் ஓடவேணும்" என்று கெஞ்சினபோது நீங்கள் தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்து முடித்துவிட்டுத்தான், "ஓம், பாப்பம்" என்றீர்கள்.

எத்தனை பேர் படுக்கிற கரவன் வாங்குவது என்று அவர் விரல் மடித்து எண்ணினார். நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர், அக்கா ஐந்து, ஜெர்மனியிலிருந்து சித்தப்பா வந்தால் ஆறு. "ஆறுக்குக் குறைஞ்சு வேண்டாம்." நம்முடைய ஆட்கள் எதை வாங்கினாலும் தலையை எண்ணித்தான் வாங்குவோம், கறிச்சட்டி முதல் வீடு வரைக்கும். இழுக்கப்போகிற காரை ஒருவரும் கேட்கவில்லை.

எசெக்ஸில் அந்தக் கரவன் யார்டுக்குப் போன சனிக்கிழமை, தூறல் விடவே இல்லை. என்ன கார் என்று விற்கிறவன் கேட்டான். "நல்ல பெலமான கார்" என்று உங்கள் தம்பி கையை விசுக்கினார். சின்னவன் பசிக்குதென்று அழ, அவனைக் கூட்டிக்கொண்டு காருக்குள் போய் இருந்தேன். அவன் சாப்பிடும்வரை பொழுது போகாமல் டாஷ்போர்டுக்குள் கிடந்த காரின் கையேட்டைப் புரட்டினேன். இந்தக் கார் இவ்வளவு எடைக்கு மேல் இழுக்கக் கூடாது என்று அதில் கறுப்பு எழுத்தில் போட்டிருந்தது. திரும்பிப் போய், ஆறு பேர் படுக்கிற கரவனின் கதவடியில் அடித்திருந்த தகட்டைப் பார்த்தேன். அதன் எடை அதைவிடக் கூட. பக்கத்தில் நின்ற நாலு பேர் கரவனின் தகட்டையும் பார்த்தேன். அது சரியாக இருந்தது. ஏதாவது பிழை விட்டிருப்பேனோ என்று இரண்டையும் இன்னொரு தரம் வாசித்தேன்.

அப்போது நீங்கள் உள்ளே கடைசிப் படுக்கையில் இருந்து, மெத்தையைக் கையால் அமர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "இது எனக்கு" என்று என் மகளிடம் சொன்னீர்கள்.

எப்படிச் சொல்லுவேன்? லண்டனுக்கு முதலில் வந்து, முதியோர் இல்லத்தில் இரண்டு ஷிப்ட் செய்து தம்பியைக் கூப்பிட்டு எடுத்தது நீங்கள். எனக்குத் தாலி செய்வித்ததும் நீங்கள். கலியாணம் கட்டாமல் எங்களோடேயே இருந்துவிட்டீர்கள். நாலு பேர் கரவன் போதும் என்று நான் வாய் திறந்தால் அந்த வீட்டில் அது எப்படிக் கேட்கும்? நானும் புருஷனும் பிள்ளைகளும் நாலு பேர், மச்சாளுக்கு இடமில்லை என்றுதான் கேட்கும். காரின் எடை, கரவனின் எடை என்று நான் விளங்கப்படுத்தினாலும் யார் நம்புவார்கள்? வாயை மூடிக்கொண்டேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

ஓகஸ்ட் மாதம் கடற்கரைக்குப் புறப்பட்டோம். பத்துக் கிலோ அரிசிப் பை இரண்டு, ஆட்டிறைச்சி காய்ச்சுகிற பெரிய கிடாரம், இடியப்ப உரல், தண்ணீர்க் கலன்கள் எல்லாவற்றையும் உங்கள் தம்பி பின்படுக்கைக்குக் கீழே அடுக்கினார். முன்னுக்கு வைத்தால் நடக்க இடைஞ்சலாம். ஏற்கெனவே கூடின பாரம், இவற்றையும் கரவன் ஆடத்தக்கதாக வாலில் ஏற்றினோம். நான் பின் சீற்றில் பிள்ளைகளுக்கு நடுவில் இருந்தேன். மோட்டர்வேயில் ஏறியதும் அந்தக் கறுப்பு எழுத்து கண்ணுக்குள்ளேயே நின்றது. மகள் பாட்டுப் பாடினாள். இப்போது சொல்லலாம், அடுத்த சேர்விஸ் தரிப்பிடத்தில் சொல்லலாம் என்று மைல் மைலாகத் தள்ளிப் போட்டேன்.

ஒரு இறக்கத்தில் பெரிய லொறி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அந்தக் காற்றில் கரவன் ஒரு தரம் ஆடியது. பிறகு மற்றப் பக்கம். பிறகு இன்னும் கூட. காரின் பின்பக்கத்தை யாரோ பிடித்து உலுப்புவதுபோல் இருந்தது. பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். "பிரேக் போடுங்கோ அக்கா! பிரேக்கைப் போடுங்கோ!" என்று உங்கள் தம்பி கத்தினார்.

நீங்கள் போடவில்லை. ஸ்டியரிங்கை நேரே பிடித்தபடி அக்சிலரேற்றரில் இருந்து காலை மட்டும் எடுத்தீர்கள். "வாயைப் பொத்து" என்றீர்கள். தம்பியிடம் நீங்கள் அப்படிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். சின்னவன் என் மடியில் முகத்தைப் புதைத்தான். ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, நீங்கள் இடதுபக்கக் கரையில் கொண்டுபோய் நிறுத்தும்வரை நான் முருகா என்று கூடச் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன தகுதி?

எல்லோரும் தடுப்புக்கு அப்பால் புல்லில் போய் நின்றோம். அவர் உதவிக்குப் போன் பண்ணத் தள்ளிப் போனார். என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. யார்டில் வாசித்தது எல்லாவற்றையும் உங்களிடம் கொட்டினேன்.

"அண்டைக்கே தெரியுமோ?"

"ஓம் மச்சாள்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"நாலு பேர் கரவன் எண்டா நீங்கள் அஞ்சாவது ஆள். உங்களை விலத்தப் பாக்கிறன் எண்டு நினைப்பியள்."

"நினைச்சிருப்பன்தான்" என்றீர்கள். "ரெண்டு நாள் கதைக்காமல் இருந்திருப்பன். அதுக்குப் பயந்து, என்ர கையில உம்மட பிள்ளையளைத் தந்துபோட்டுச் சும்மா இருந்தனீர்?"

அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

கரவனைப் பாரவண்டி வந்து ஏற்றியது. அடுத்த கிழமை அதே யார்டில், உங்கள் தம்பியின் முகத்துக்கு நேரே நான்தான் பேசினேன். கையேட்டையும் தகட்டையும் காட்டினேன். "அப்ப அக்கா எங்க படுக்கிறது?" என்று நான் பயந்த அதே கேள்வியை அவர் கேட்டார். "கரவனோட கூடாரம் ஒண்டு சேத்துக் கட்டலாமாம், நான் அதுக்குள்ள படுப்பன். ஓடுறவளுக்குத்தான் தெரியும் எது வேணுமெண்டு" என்று நீங்கள் முடித்துவைத்தீர்கள். அதற்கு மாற்றாக நாலு பேர் கரவன் வந்தது. அவர் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நீங்கள் கதைத்தீர்கள்.

அன்றிலிருந்து எனக்கு வாய்க்காரி என்று பெயர். வேலையிடத்தில், பள்ளிக்கூடத்தில், உங்கள் தம்பியிடம், தெரிந்ததைத் தெரிந்த உடனே சொல்லிவிடுகிறேன். கெட்ட பெயர் வந்தால் வரட்டும். அந்த வாய் நீங்கள் அந்தப் புல்லில் வைத்துத் தந்தது, என்னோடு இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, மச்சாள். நாலு கோடை அந்தக் கூடாரத்துக்குள் ஒடுங்கின கட்டிலில் படுத்தீர்கள், தலைக்குக் குல்லாவும் காலுக்கு இரட்டைச் சொக்ஸும் போட்டுக்கொண்டு. இங்கிலாந்தின் கோடை எங்களுக்குத் தெரியாததா? விடியப்புறம் மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருமுவது எனக்குக் கேட்கும். பிள்ளைகள் இரண்டும் சின்னன்கள், ஒரே படுக்கையில் போட்டு உங்களுக்கு ஒன்று விட்டிருக்கலாம். அது எனக்கு அப்போதே தெரியும். என்னுடைய நாலு பேரும் ஒரு கூரைக்குள் தனியே கிடப்பது எனக்குப் பிடித்திருந்தது. அதனால் உள்ளே வந்து படுங்கோ என்று உங்களை ஒரு நாளும் நான் கூப்பிடவில்லை.