முதல் ஒலிக்கு முன்னால்

இன்று காலை உன் கணவர் உன் மகளை ஜட்கா வண்டியில் ஏற்றிக்கொண்டு சாந்தோமுக்கு, என் வீட்டுக்கே வந்துவிட்டார். போன மாதம் குழந்தைக்குத் தொண்டை வலி வந்து போனதாம். இப்போது ஜுரமும் முழங்கால் வீக்கமும். உனக்கும் சின்ன வயதில் இப்படித்தான் தொடங்கியது என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

ஸ்டெதஸ்கோப்பை எடுத்தேன். அதன் ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் நான் மயிலாப்பூரில், உன் வீட்டு மாடியில் இருந்தேன்.

நம் டாக்டர் பரீட்சைக்கு முந்தைய மாதங்கள். குளத்தோரம் டிராம் மணி கேட்கும். கீழே உன் அம்மா அப்பளம் இட்டுக்கொண்டிருப்பார். நம் படிப்புக்கு நீ ஒரு சட்டம் வைத்திருந்தாய். நோயைப் புத்தகம் போல ஒப்பிக்கக் கூடாது, நோயாளியாகவே மாறி "எனக்கு" என்று சொல்ல வேண்டும். காலராவுக்கு நீ கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு கம்மிய குரலில் தண்ணீர் கேட்டதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தேன். மலேரியாவுக்கு நான் நடுங்கியதை, "உங்க சாந்தோம் தெருவுல மீன்வலை உதறற மாதிரி இருக்கு" என்று கேலி செய்தாய்.

பிறகு இதயத்துக்கு வந்தோம். சின்ன வயதில் முழங்கால் வீங்கும் ஜுரம் வந்தவர்களுக்குப் பின்னால் இடப்பக்க வால்வு சுருங்கிப்போகும் நோய். அதற்கு மட்டும் நீ நடிக்கவில்லை.

"எனக்கு மாடி ஏறினா மூச்சு வாங்கறது. கன்னம் செவந்திருக்கு, எல்லாரும் அழகுங்கறா" என்று சொல்லி ஸ்டெதஸ்கோப்பை என்னிடம் நீட்டினாய். கழுத்து நாடியில் ஒரு விரலை வைத்துக்கொண்டால்தான் இதயத்தின் இரண்டு ஒலிகளில் எது முன், எது பின் என்று தெரியும் என்று சொல்லித் தந்தாய். கேட்டேன். முதல் ஒலி விழுவதற்குச் சற்று முன்னால் இன்னோர் ஒலி, உருண்டுகொண்டே வந்தது. யாரோ படியேறி வந்து கதவண்டை நிற்பதுபோல இருந்தது.

"என்னடி கேக்கறது?" என்றாய்.

மீதியையும் நீயே சொன்னாய். "புள்ளை உண்டானா என் இதயம் தாங்காது, நுரையீரல்ல நீர் கோக்கும், கடைசியில இளஞ்சிவப்பா நுரை வரும்." பரீட்சையில் அதே கேள்வி வந்தது. இருவரும் தேறினோம்.

உனக்குக் கல்யாணம் கூடியபோது, அவரிடம் சொல்லிவிடு என்று சண்டை போட்டேன். சொல்லிவிட்டாய். பிள்ளையே வேண்டாம் என்றாராம் அவர். வேண்டும் என்றவள் நீதான். "புஸ்தகம் ஒரு தடவையாவது தப்பாப் போகாதாடி?" என்றாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

புஸ்தகம் தப்பாகவில்லை. மாடியில் நீ சொன்ன வரிசையிலேயே ஒவ்வொன்றாய் வந்தது. பிரசவத்துக்கு மறுநாள் தலையணைகளை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாய். உதடு நீலம் பூத்திருந்தது. என்னைக் கண்டதும், "எனக்கு மூச்சு முட்டறதுடி. இனிமே நுரை வரும்" என்றாய். அதே குரல், அதே சிரிப்பு. நீ விளையாடுகிறாயா, சாகிறாயா என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை. நீ போய் இத்தனை வருஷத்தில் எத்தனையோ சாவைப் பார்த்துவிட்டேன். அந்த ஒரு கணம் மட்டும்தான் இன்றும் என்னை விடவில்லை.

இன்று உன் மகளின் கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டேன். இரண்டே ஒலிகள், தெளிவாக. முன்னால் எதுவும் இல்லை. இப்போதைக்கு இதயம் நன்றாக இருக்கிறது, ஆனால் வாரக்கணக்கில் படுக்கையை விட்டு இறக்கக் கூடாது என்று உன் கணவரிடம் சொன்னேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும் கருவியைக் காதிலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்தேன்.

அப்போது கேட்டது. வெறும் காதில், உருண்டு வந்து கதவண்டை நிற்கும் உன் நெஞ்சின் அந்த ஒலி.

உன் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன மாமி கேக்கறது?" என்றாள், உன் குரலில்.

ஒன்றுமில்லை என்றேன். அவர்கள் வண்டி போய் வெகுநேரமாகிவிட்டது. அது இன்னும் போகவில்லை. போகச் சொல்லி உன்னிடம் கேட்க மாட்டேன். என் காதிலேயே இருந்துகொள். அவள் பக்கம் மட்டும் போகாதே.