ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைகள்

அக்டோபர் 13, ஞாயிறு

ஆறுமுகத்தாய் ஜெர்மனிக்குப் போய் இன்றோடு பதினாறு நாள். எங்கள் மகள் பிரியதர்ஷினிக்கு நவம்பர் 28 என்று பிரசவத் தேதி கொடுத்திருக்கிறார்கள். விசா தொண்ணூறு நாள்தான். என்றாலும் இவள் இவ்வளவு முன்னால் கிளம்பியதற்குக் காரணம், போன முறை ஐந்தாம் மாதத்தில் நடந்தது.

அங்கே ஞாயிற்றுக்கிழமை கடைகளெல்லாம் அடைப்பாம். அதனால் மருமகன் மணிராஜ் வாரம் ஒரு கோட்டைக்குக் காரில் கூட்டிப்போகிறார். இன்று லிண்டனெக். நெக்கர் ஆற்றுக்கு மேலே ஒரு குன்றில் இருக்கிறது. ஏழு படங்கள், அரை மணி நேரப் பேச்சு.

"ராசா இருந்த வீடாம். மேல கூரையே இல்லங்க. அதுக்கும் டிக்கெட் கிழிக்கான். ஒரு கெணறு இருக்கு. கல்லப் போட்டுட்டு நெல்லையப்பா காந்திமதின்னு சொல்லி முடிச்ச பெறவுதான் சத்தம் வருது."

பிள்ளைத்தாச்சி பாழடைந்த இடத்துக்கு வரக் கூடாது என்று பிரியாவைக் காரிலேயே உட்காரவைத்துவிட்டாள். பிள்ளைத்தாச்சியின் புருஷனும் மலையேறக் கூடாது, முடியெடுக்கக் கூடாது. ஆகவே மணிராஜும் கீழேயே நின்றுவிட்டார். படத்தில் தாடி கழுத்தை மறைக்கிறது. "ஆபீஸ்ல சாமியாருன்னு கூப்பிடுதாகளாம்" என்று சிரித்தாள். இவள் மட்டும் முழங்கால் வலியோடு நூற்றெண்பது படி ஏறியிருக்கிறாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

ஒரே ஒரு படம். பாதி இடிந்த சிவப்புக் கல் கோபுரம், முன்னால் ஆறுமுகத்தாய். வேறு கோட்டை என்றாள். பெயர் கேட்டேன். "வாயில நுழையல." போன வாரம் லிண்டனெக்கை எழுத்துக்கூட்டிச் சொன்னவள். எத்தனை படி? "எண்ணல." பிரியா? "தூங்குதா." நாலு நிமிடத்தில் வைத்துவிட்டாள்.

திருச்செந்தூர் ஆனாலும் திருச்சி மலைக்கோட்டை ஆனாலும் படி எண்ணாமல் அவள் ஏறி நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

இன்னொரு கோட்டை என்று இன்னொரு படம். கோபுர உச்சியில் ஜன்னல் இருந்த ஓட்டையில் ஒரு செடி முளைத்திருக்கிறது. போன வாரப் படத்தை எடுத்துப் பார்த்தேன். அதே செடி, எடுத்த கோணம்தான் வேறு. அதில் இடப்பக்கம், இதில் வலப்பக்கம்.

கேட்டதற்கு, "இடிஞ்ச பெறவு எல்லாக் கோட்டையும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்" என்றாள். நல்ல பதில். தயாரித்து வைத்திருந்த பதில்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பிரியா பேசினாள், குரல் மட்டும். கேமரா வேலை செய்யவில்லையாம். "எண்ணெ தேச்சுக் குளிச்சீங்களாப்பா?" என்றாள். பின்னால் யாரோ ஜெர்மனில் ஏதோ சொன்னார்கள். ஒரு கருவி விடாமல் மணியடித்தது. மைக்ரோவேவ் என்றாள்.

எங்கள் வீட்டு மைக்ரோவேவில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். மூன்று முறை அடித்து நின்றுவிட்டது. அங்கே நான் எண்ணியது பதினேழு.

நவம்பர் 2, சனி

முப்பது வருடம் பத்திரிகையில் என் செய்திகளுக்குப் படம் எடுத்த குற்றாலலிங்கத்தின் ஸ்டூடியோவுக்குப் போனேன்.

"என்ன வே, பொண்டாட்டிய வேவு பாக்க வந்தீரா? அங்கன எவனாவது வெள்ளக்காரன் படத்துல நிக்கானா?"

"பெருசாக்கும் வே."

கணினித் திரையில் இரண்டு படங்களையும் பக்கம் பக்கமாக வைத்தார். ஒரே கோட்டைதான், கல்லில் விரிசல்கூட அதேதான். பிறகு மதிலுக்குக் கீழே தெரிந்த ஊரைப் பெரிதாக்கினார். எல்லாம் ஓட்டுக் கூரை. ஒன்று மட்டும் தட்டையான மாடி, நடுவில் ஒரு வட்டம்.

"ஹெலிகாப்டர் எறங்குத எடம். ஆஸ்பத்திரியா இருக்கும்" என்றவர் என் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

இன்றைய படத்தில் மணிராஜ். கோபுரத்துக்குப் பக்கத்தில், மேலே நிற்கிறார். தாடி இல்லை.

மலையேறியிருக்கிறார். சவரம் செய்திருக்கிறார். படம் எடுத்தது ஆறுமுகத்தாய். ஓரத்தில் அவள் விரல் விழுந்திருக்கிறது. பிரியா பிள்ளைத்தாச்சியாக இருக்கும்வரை, ஆறுமுகத்தாய் கண்முன்னே இந்த இரண்டும் நடக்காது.

பிள்ளை பிறந்துவிட்டது.

13க்கும் 20க்கும் நடுவில். ஆறு வாரம் முன்னால். எட்டாம் மாதம். ஏழு தங்கும், எட்டு தங்காது என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் — ஏன் சொல்லல? எல்லாரும் சேந்து என்கிட்ட எதுக்கு மறைக்கணும்? உசுரோட இருக்கா இல்லியா? இருந்தா ஏன் மறைக்கணும்? இல்லன்னா இவரு எப்படிச் சிரிச்சுக்கிட்டு நிக்காரு?

அந்தச் சிரிப்பையும் பெரிதாக்கிப் பார்த்தேன். வாயில் மட்டும்தான் இருக்கிறது.

நவம்பர் 5, செவ்வாய்

பதினொரு கேள்விகள் எழுதி வைத்துக்கொண்டு மணிராஜை அழைத்தேன். அவற்றில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. காவல் நிலையங்களில் பழகிய வழி ஒன்று உண்டு: நடந்ததா என்று கேட்கக் கூடாது, நடந்தது தெரிந்தவன்போல அடுத்ததைக் கேட்க வேண்டும்.

"மாப்ள, இன்னைக்கு எடை எவ்வளவு?"

"ஆயிரத்து எண்ணூத்தி இருபது மாமா" என்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

பெண் குழந்தை. அக்டோபர் 16. கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறாள். மூச்சு சில வேளை நின்று நின்று வருகிறது, மணியடிப்பது அப்போதுதான். கோட்டை, ஆஸ்பத்திரிக்கு நேர் மேலே. ஞாயிற்றுக்கிழமை படம் வராவிட்டால் நான் துருவ ஆரம்பிப்பேன் என்று, நடுவில் ஏறிப்போய் ஒன்று எடுத்து அனுப்புகிறார்கள்.

"பிரியாதான் சொல்லாண்டாம்னா மாமா. நீங்க கேள்வி மேல கேள்வியாக் கேப்பீங்க, இப்ப அதத் தாங்க முடியாதுன்னா. நான் சொன்னேன்னு அவளுக்குத் தெரியாண்டாம்."

போன முறை ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்டேன். வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, முந்தின நாள் எதைத் தூக்கினாய், மாத்திரையை யார் கொடுத்தார்கள். தவறு யாருடையது என்று கண்டுபிடித்துவிடலாம் என நினைத்தேன். குறிப்பேட்டில் நாலு பக்கம். "எழுதாதீங்கப்பா" என்றாள். நான் எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்துவிட்டுத்தான் மூடினேன்.

நவம்பர் 10, ஞாயிறு

ஆறுமுகத்தாய் இந்த முறை நன்றாகத் தயாராகி வந்தாள். ஒரு ராணி, அவள் குதித்த ஜன்னல், பீப்பாய்கள் அடுக்கிய நிலவறை. படி நூற்றுப்பன்னிரண்டு என்றாள். பொய்யிலும் படியை எண்ணிவிட்டாள்.

"வழுக்கும், பைய ஏறு" என்றேன்.

"என்ன, இன்னைக்கு ஒண்ணும் கேக்கக் காணும்?"

சந்தேகப்படுகிறாள். கேள்வி கேட்டாலும் ஆபத்து, கேட்காவிட்டாலும் ஆபத்து. ராணியின் பெயர் என்ன என்று கேட்டேன். "அதெல்லாம் யாருக்குத் தெரியும்" என்று எரிந்து விழுந்தாள். குரலில் நிம்மதி.

நவம்பர் 17, ஞாயிறு

படம் வரவில்லை.

நவம்பர் 18, திங்கள்

வரவில்லை. மணிராஜை ஒரே ஒரு முறை அழைத்தேன். எடுக்கவில்லை.

படங்களை வைத்து ஊரைக் கண்டுபிடித்து ஒரு வாரமாகிறது. ஆஸ்பத்திரி எண் மேஜைமேல் இருக்கிறது. அழைத்தால் யாராவது ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். இந்தியாவிலிருந்து அப்பா அழைத்தார் என்று பிரியாவிடமும் சொல்வார்கள். அழைக்கவில்லை.

மழை. குடையோடு ஆற்றங்கரைக் குறுக்குத்துறைக்குப் போனேன். கோயில் மண்டபத்தில் பாதித் தூண்வரை ஆறு. "இன்னும் ஏறுமா அண்ணாச்சி?" என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார். முப்பது வருடம் அணைக்கட்டு நீர்மட்டம் எழுதியவன். தெரியாது என்றேன்.

நவம்பர் 20, புதன்

ஒரு படம் வந்தது. புதன்கிழமையில் ஏன்? கோட்டை மட்டும், ஆள் இல்லை. மூடுபனியில் கோபுரம் பாதிதான் தெரிகிறது. கூட ஒரு வார்த்தை இல்லை.

எடுத்தவர் கை நடுங்கியிருந்தால் படம் கலங்கியிருக்கும். கலங்கவில்லை. அதை நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா? ஒரே சாட்சியை வைத்து நான் எதையும் எழுதியதில்லை.

"நல்லாருக்கு" என்று மட்டும் பதில் அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் யோசித்தேன் — அங்கே என்ன நடந்ததென்று தெரியாமல் என்ன சொல்லித் தொலைச்சேன்?

நவம்பர் 24, ஞாயிறு

ஆறுமுகத்தாய் பேசினாள். குளிர் அதிகம், கோட்டைக்குப் போகவில்லை என்றாள். மூக்கடைத்த குரல். சளியா, அழுததா? சுக்கு தட்டிப் போட்டுக் குடி என்றேன். "செய்யுதேன்" என்றாள். அவளாகப் போனை வைக்கவில்லை. நானாகவும் வைக்கவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

மூன்றரை மணிக்கு வீடியோவில் பிரியா. வீட்டு சோபாவில் இருந்தாள். முகம் பாதியாகியிருக்கிறது.

"அப்பா, ஒண்ணுமே கேக்கலியே, உங்களுக்குத் தெரியும்லா?"

"ம்."

"எப்ப இருந்து?"

"மாப்ள தாடி எடுத்ததுல இருந்து."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எம்மா, இங்க வா! உன் சாத்திரம்தான் காட்டிக் கொடுத்திருக்கு!" உள்ளேயிருந்து ஆறுமுகத்தாய், "அந்த மனுசன் கண்ணுல கொள்ளிக்கட்டைய வைக்க" என்றது கேட்டது.

பிறகு பிரியா சொன்னாள். நாற்பது நிமிடம், அவள் இஷ்டத்துக்கு, முன்னும் பின்னுமாக. 16ஆம் தேதி. பெட்டி. ரத்தத்தில் தொற்று, படம் வராத அந்த மூன்று நாள். தொற்று சனிக்கிழமை தெரிந்தது என்றாள், பிறகு ஞாயிறு என்றாள். நான் எது என்று கேட்கவில்லை. நேற்று வீட்டுக்கு அனுப்பும்முன் அவளும் முதல் தடவையாகக் கோட்டைக்கு ஏறியிருக்கிறாள்.

"மேல ஒண்ணுமே இல்லப்பா. வெறுங்கல்லு. ஆனா அம்மா நின்ன எடத்துல நின்னா எங்க வார்டு ஜன்னல் நேராத் தெரியுது. தெனமும் ஏறியிருக்கா. எனக்கே தெரியாது."

போனைத் திருப்பித் தொட்டிலைக் காட்டினாள். மஞ்சள் துணிக்குள் ஒரு சின்ன முகம், மூடிய கண். படம் அசையவில்லை. இணைப்பு நின்றுவிட்டதோ என்று திரையின் மூலையைப் பார்த்தேன்.

துணி மெல்ல ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.