கிழக்குப் பக்கத்து எண்ணெய்

என் அன்புப் பிடிவாதக்காரரே,

கிழக்குப் பக்கத்தில் கடைசியில் துளை போட்டுவிட்டார்கள். திரெங்கானு கடலில், நாம் இருவரும் கடலடிப் பாறைகளை மாய்ந்து மாய்ந்து படம் வரைந்த அதே எண்ணெய் வயலில்தான். நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் ஒரு வாரமாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள், என்னையும் தூங்க விட்டிருக்க மாட்டீர்கள்.

கல்யாணமான நாளிலிருந்து நமக்குள் இது ஒன்றுதானே சண்டை? பிரிக்பீல்ட்ஸ் கடையில் தோசையைக் கிழித்து, ஒரு துண்டைக் கொஞ்சம் கீழே இறக்கி வைப்பீர்கள். அதுதான் பாறைப் பிளவாம். பிளவில் களிமண் அப்பி அடைத்திருக்கிறது, அதனால் கிழக்குப் பக்கத்து மணற்கல்லில் எண்ணெய் அப்படியே நிற்கிறது என்பீர்கள். நான் சாம்பாரை ஊற்றி, பாருங்கள், ஒழுகுகிறது என்பேன். படித்தவர்கள் சாப்பாட்டில் விளையாடுகிறீர்களே என்று கடைக்கார அண்ணன் அலுத்துக்கொள்வார்.

நீங்கள் போன பிறகு எனக்கு மிஞ்சியது அந்தச் சண்டைதான். துளை போடாதவரை நீங்கள் தோற்கவில்லை அல்லவா? உள்ளுக்குள் நான் உங்கள் கட்சிக்கு மாறிவிட்டேன். சொன்னால் நம்புவீர்களா?

செவ்வாய்க்கிழமை காலை, கடலில் துளையிடும் மேடையிலிருந்து எங்கள் குழுவின் கயல் கூப்பிட்டாள். மேலே வந்த கல் துணுக்குகளைப் புற ஊதா விளக்கில் பார்த்தாளாம். மங்கலாக ஒளிர்ந்ததாம்.

“எண்ணெய் இருந்திருக்குக்கா. ஒழுகிப் போயிடுச்சி. இப்ப வெறும் தண்ணிதான் லா.”

நான் சொன்னதே நடந்தது. அலுவலகத்தில் எல்லாரும் வந்து கைகொடுத்தார்கள். நான் கழிப்பறைக்குள் போய் அழுதேன். இந்த ஒரு தடவை நீங்கள் ஜெயித்துத் தொலைத்திருக்கக் கூடாதா?

கயல் அனுப்பிய துணுக்குகள் வந்ததும், நீங்கள் செய்வதுபோல ஒன்றைப் பல்லில் கடித்துப் பார்த்தேன். நறநறவென்று நல்ல மணல். எண்ணெய் தங்குவதற்கு எல்லா வசதியும் இருந்திருக்கிறது. இருந்தும் ஏன் போனது?

அடுத்த மாதம் வடக்குப் பக்கத்தைப் பற்றிக் கூட்டம். அங்கேயும் ஒன்றுமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இப்போதெல்லாம் நான் என்ன சொன்னாலும் தலையாட்டுகிறார்கள், எதிர்த்துப் பேச ஓர் ஆளில்லை. வீட்டிலும் இல்லை. அதனால் கூட்டத்தில் முதலில் எழுந்து, எண்ணெய் இருக்கிறது என்று உங்கள் பக்கத்தை நானே பேசுவேன், உங்களைப் போலவே மேசையைத் தட்டி. சத்தியமாக, எனக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னமும் உங்களோடு மல்லுக்கு நிற்கும்
உங்கள் மனைவி