உன் இஷ்டம்

இளமதி,

முதல் ஷிப்டு, கிளம்புகிறேன். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சட்னியில் காரம் ஜாஸ்தியாகிவிட்டது, நல்லெண்ணெய் ஊற்றிக்கொள்.

சாயங்காலம் உன் கபடி கோச் வீட்டுக்கு வருகிறார். சிதம்பரம் ஹாஸ்டலில் தங்கிப் பயிற்சி எடுப்பதா, கடலூரிலேயே அவரிடம் தொடர்வதா என்று நீதான் முடிவுசெய்ய வேண்டுமாம். “ஆடப்போறது அவ. அவ வாயால வரட்டும் சார், நீங்க குறுக்க பேசாதீங்க” என்று சொல்லிவிட்டார்.

ராத்திரி நீ, “நீங்க என்னாப்பா சொல்றீங்க?” என்றாய். “உன் இஷ்டம்” என்றேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனாய். இந்த வீட்டில் அந்த வார்த்தையை நான் கோபத்தில்தான் சொல்லியிருக்கிறேன். உன் அம்மா இருந்தபோதும் அப்படித்தான். நேற்று கோபமில்லை. நிஜமாகவே உன் இஷ்டம்.

போக ஆசையென்றால் போகிறேன் என்று சொல். எனக்குச் சமைக்கத் தெரியும்.

அப்பா

இன்னொன்று. ஷிப்டு மத்தியானமே முடிந்துவிடும். ஆனால் கோச் கிளம்பும்வரை வரமாட்டேன். என் முகத்தைப் பார்த்தால் நீ மாற்றிச் சொல்லிவிடுவாய். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பேன். பேசி முடித்ததும் போன் பண்ணு.