பிணம் ஏறினால் விலை இறங்கும்

மாண்புமிகு மச்சான் அவர்களுக்கு, லாபிஸ் மாநகர மக்கள் சார்பில் அடியேன் முழங்கும் அறிவிப்பு: இன்று காலை உன் வாடகைக் காரின் பின் சீட்டில் அத்தையின் கறுப்புக் கோழி முட்டையிட்டது. கோழியும் முட்டையும் நலம். கார்தான் நகரவில்லை.

முட்டையை எடுக்கக் கதவைத் திறந்தேன். மழையில் ஊறிய தோல் சீட்டு, பெட்ரோல், ரப்பர்த் தோட்டத்துக் கித்தாப் பால் எல்லாம் கலந்த உன் வாடை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெளியே கித்தா மரங்கள் பனியில் மிதந்தன. நிற்கிற கார் சிகாமாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நீ ஒற்றைக் கையால் ஓட்டினாய்.

நீயும் எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியாரும் ஒரே கடையில் வாங்கிய ஒரே ஜாதி வண்டிகள். அவருடையது நல்ல விலைக்குப் போய்விட்டது. உன்னுடையதைக் கேட்க ஆளில்லை. என்ஜினில் குறையா? இல்லை. பால் வெட்டும் பெரியவர் சிகாமாட் ஆஸ்பத்திரியில் இறந்தபோது, மாட்டுவண்டி போய் வருவதற்குள் உடம்பு தாங்காது என்று நீதானே அவரை இந்தச் சீட்டில் கிடத்தி வீடு சேர்த்தாய்? அதன்பிறகு சந்தைக்குப் போகிறவர்கள்கூட நடந்தார்கள்.

"ஆள் ஏறினா வாடகை ஏறும், பொணம் ஏறினா வெலை இறங்கும், மச்சான்!"

"அவரு அன்னிக்கே இறங்கிட்டாரு மாப்ளே. ஊரு வாயிலேருந்துதான் இன்னும் இறங்கல."

பிறகு காய்ச்சல் உன்னையே கொண்டுபோனது. "பாக்கப் பாக்க வயிறு எரியுதுடா, வித்துக் குடு" என்றாள் அத்தை. என் வாய்க்குக் கல்லும் விலைபோகும் என்று மார்தட்டினேன்.

நேற்று அன்னாசித் தோட்டத்துச் சீன முதலாளி, தவுக்கே, வந்தார். டயரை உதைத்தார், திருப்தியாகத் தலையாட்டினார். கடைசியாக மலாயில் கேட்டார், பேய் இருக்கிறதா என்று: "ஹந்து அடா?"

"இருக்குன்னா 'அடா'வாம், இல்லேன்னா 'தாடா'வாம். ஒண்ணு திட்டுறான், இல்லாட்டிப் புடுங்குறான்" என்று சிரிப்பாயே. ஒரு 'தாடா' போதும், கார் விற்றிருக்கும்.

"அடா, தவுக்கே, அடா! முன் சீட்டுல உக்காந்து பாட்டே பாடும்!"

தவுக்கே நடையைக் கட்டினார். அடுப்படியிலிருந்து அத்தை ஓடிவந்தாள். "ஏன்டா அப்படிச் சொன்னே?"

"பேரம் பேசுனா பேய் கோவிச்சுக்கும், அத்தை."

அவள் திட்டவில்லை. முந்தானையால் காரின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஊரெல்லாம் பேய்க்கதை அளக்கிறேனே, உனக்கு மட்டும் சொல்கிறேன், மச்சான். பேயே இல்லை. தினமும் பள்ளி விட்டதும் உன் இடத்தைக் காலியாக விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். ஒருநாளும் வரவில்லை.