வாசலில் திரும்பிய கடல் கதை

என் மூத்தவனுக்கு,

நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். நீ அவளுக்கு எழுதிக் கேட்ட கடல் கதைப் புத்தகத்தைச் சிறை வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"உள்ள வரைபடம் இருக்கு பெரியவரே, அனுமதி இல்ல" என்றார் காவலர்.

"கடலோட படம்தானே சார், கப்பல் ஏறியா ஓடிப்போவான்?" என்றேன். சிரித்தார், ஆனால் விடவில்லை.

எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் ஒருமுறை கேட்டது மறக்காது. தினமும் உன் தங்கை வாசிக்க, பாதிக் கதையைத் தலையில் ஏற்றிவிட்டேன். அதைச் சோதனை போட வாசலில் ஆளில்லை.

போன இரண்டு முறை நான் வந்தும் நீ அறையைவிட்டு வெளியே வரவில்லை. ஜாமீனில் எடுக்காத கோபம் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார். என் முகத்தைப் பார்க்க வேண்டாம், கதையை மட்டும் கேள்.

உன் அப்பா